'நாயகன்' திரைப்படத்தில் ஊழும் ஆள்வினையும்: மும்பைத் தமிழர் வரலாற்றுப் பின்புலம்

ஊழின் வலிமையைக் கூறத் திருக்குறள் ஓர் அதிகாரத்தை (38) ஒதுக்குகிறது. ஆள்வினையின் வலிமையைக் கூற மற்றோர் அதிகாரத்தை (62) ஒதுக்குகிறது. ஊழை விஞ்சியது எதுவுமில்லை என முன்னதும், தளராது முயல்வோர் ஊழையும் வெல்வர் எனப் பின்னதும் முடிகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட இழுபறியை மும்பைத் தமிழர் ஒருவரின் வாழ்வில் வைத்துக் காட்டிய படம் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987). வரதராச முதலியாரின் (1926–1988) வாழ்க்கையைத் தழுவிய இப்படத்தில் ஊழ் எனக் காட்டப்படுவது எது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் தொடக்கமே தெரிவை மறுக்கிறது. காவலரின் சூழ்ச்சியால், தலைமறைவாக இருந்த தொழிற்சங்கத் தலைவரான தந்தையின் இருப்பிடத்தைச் சிறுவன் வேலு அறியாமலே காட்டிக்கொடுக்கிறான். தந்தை கொல்லப்பட, காவலரைக் குத்திவிட்டு மும்பைக்கு ஓடுகிறான். பின்னர் வளர்ப்புத் தந்தையைக் கொன்ற ஆய்வாளர் கேல்கரையும் கொல்கிறான். ஒவ்வொரு வன்செயலும் அதற்கு முந்திய வன்செயலின் விளைவாகவே அமைகிறது. பார்வையாளர் கொலையாளியின் பக்கம் நிற்க நேர்வதும், அதனை உணர்ந்து கூசுவதும் இக்கட்டமைப்பின் பயனாகும்.

எனினும் வேலுவின் மகள் சாருமதி இக்கட்டமைப்பை ஏற்கவில்லை. பிறரைத் தண்டிக்கும் உரிமையை அவருக்கு யார் தந்தது என்பது அவள் வாதம். தனக்குத் தீங்கிழைத்தோர் முதலில் நிறுத்தட்டும், பின்னர்த் தானும் நிறுத்துவதாக வேலு விடையிறுக்கிறார். தன் செயலுக்கான தெரிவைப் பிறர் கையில் ஒப்படைக்கும் இவ்விடை, படத்தின் மையம் எனலாம். மகளோ எவருக்காகவும் காத்திராமல் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். ஆள்வினை என்னும் சொல்லுக்குப் படத்தில் உரியவள் அவளே. ஆனால் விமரிசனங்கள் நாயகனையே பெரிதும் பேசின.

வேலுவின் ஊழுக்கு வரலாற்றில் வேறு பெயர்கள் உண்டு. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் கள்ளச்சாராயத்திற்குப் பெருஞ்சந்தையை உருவாக்கியது. விக்டோரியா நிலையத்தில் சுமைதூக்கியாக வாழ்வைத் தொடங்கிய வரதராசர் அச்சந்தையிலேயே வளர்ந்தார். அவர் செல்வாக்கின் வெளியடையாளமாக மாட்டுங்கா தொடர்வண்டி நிலையத்தின் அருகே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்திப் பந்தல் விளங்கியது.

அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கிங்ஸ் சர்க்கிள் வேறொரு தமிழர் வரலாற்றைக் காட்டுகிறது. 1896இல் கொள்ளைநோய் பரவியதன் பின் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டு உருவாக்கியது. எழுத்தர், கணக்கர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர், பெரும்பாலும் பிராமணர், அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவினர். தொடர்வண்டிப் பாதைக்கு அப்பால் தாராவியில், தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலிவேலைக்கும் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் குடிசைகளில் வாழ்ந்தனர். ஒரே மொழியினர், ஏறத்தாழ ஒரே காலத்தவர். கல்வியும் சாதியும் ஒருவர்க்குத் தெரிவுகளை விரித்தன, மற்றவர்க்குச் சுருக்கின. படம் ஊழெனக் காட்டுவதில் பெரும்பங்கு இவ்வாறு பங்கிடப்பட்ட வாய்ப்பே ஆகும். மறுநாள் கணக்குத் தேர்வு இருப்பதால் விரைவில் விட்டுவிடுமாறு பரத்தையர் விடுதியில் வேலுவிடம் வேண்டும் நீலாவின் காட்சி இதனை உணர்த்துகிறது. பள்ளி அவளுக்கும் தெரிந்த வழிதான். அதில் நடக்க அவள் கொடுக்கவேண்டிய விலை வேறு.

ஆயினும் வாய்ப்புக் குறைவே வேலுவை உருவாக்கியது எனக் கொள்வது தாராவி மக்களுக்கு நீதி செய்வதாகாது. அதே நெருக்கடியில் வாழ்ந்த பெரும்பான்மையோர் தோலும் மண்பாண்டமும் தையலுமாகவே பிழைத்தனர். படத்தில் அவர்கள் நாயகனை வணங்கும் கூட்டமாக மட்டுமே வருகின்றனர். இது படத்தின் குறை.

முடிவிலும் ஊழே ஓங்குகிறது. நல்லவரா கெட்டவரா எனப் பேரன் கேட்க, தெரியவில்லை என்கிறார் வேலு. வழக்கிலிருந்து விடுபட்டு வெளியே வரும் அவரைக் கேல்கரின் மகன் அஜித் சுடுகிறான். அவன் மனவளர்ச்சி குன்றியவன். வேலுவின் ஆதரவில் வாழ்ந்தவன். தெரிவு செய்யும் ஆற்றல் மிகக் குறைந்தவன் வழியாகத் தண்டனை வருவது சிலப்பதிகார மரபிலான ஊழ்க் கோட்பாட்டை நினைவூட்டுகிறது. வரதராசரின் முடிவோ அவ்வாறு அமையவில்லை. காவல்துறையின் நெருக்குதலால் 1980களில் மும்பையை விட்டு நீங்கிய அவர், படம் வெளிவந்தபோது உயிருடன் இருந்தார். 1988 சனவரியில் சென்னையில் இறந்தார்; அவரை எவரும் சுடவில்லை. அஜித்தின் துப்பாக்கி திரைக்கதையின் தெரிவு.