முதுமையில் தன்பரிவு

முதுமையில் தன்பரிவு என்பது, வயதான ஒருவர் தம் உடல் தளர்ச்சியையும் பிறர் உதவி தேவைப்படும் நிலையையும் குற்றமாகக் கருதாமல், தம்மைத் தாமே கனிவுடன் நடத்திக்கொள்வதைக் குறிக்கும். உழைப்பைக் கொண்டே மனிதரை மதிக்கும் சோமனூர் போன்ற தொழில் ஊர்களில் இதன் தேவை தெளிவாகத் தெரிகிறது.

சோமனூரின் சூழல்

கோயம்புத்தூர் மாவட்டம், சூலூர் வட்டத்திலுள்ள சோமனூர் விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பகுதியில் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவும் ஊடை நூலும் பெற்று, துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் முறை பரவலாக உள்ளது. கூலி உயர்வு கேட்டு 2022-ஆம் ஆண்டில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இத்தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. உடம்பு இயலாமல் போகும்போதுதான் ஓய்வு. அப்போது வருமானத்துடன், "நான் உழைப்பவன்" என்ற மதிப்பும் குறைந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்ற சொல் முதியோர் வாயில் அடிக்கடி வருவது இதனால்தான்.

தறி இரைச்சல் இன்னொரு சுமை. ஆண்டுக்கணக்கில் பேரிரைச்சல் கேட்டால் உட்செவியின் நுண்ணிய மயிர் செல்கள் சேதமடையும். அவை மீண்டும் வளர்வதில்லை. காது மந்தமானவர், பிறர் பேச்சு புரியாத கூச்சத்தால் விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தனிமைப்படுகிறார்.

உதவிகளின் வரலாறு

அன்றைய சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 அன்று முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 20 ரூபாயாக இருந்த தொகை, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையைப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007 உறுதிசெய்தது. ஆயினும், உதவி கேட்பதை இழிவாக நினைப்பவருக்கு இவை எட்டுவதில்லை.

தன்பரிவு என்ற கருத்து

பௌத்த மரபிலிருந்து எடுத்த இக்கருத்தை, அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் ஆய்வுக்குரிய வடிவில் வரையறுத்தார். அதற்கு மூன்று கூறுகள் உண்டு:

1. தன்னைக் கடிந்துகொள்ளாமல் கனிவு காட்டுதல்.
2. துன்பமும் குறையும் எல்லா மனிதருக்கும் பொது என உணர்தல்.
3. வருத்தத்தை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளபடி அறிதல்.

இது தன்னிரக்கம் அன்று. தன்னிரக்கம் "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டு ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது. தன்பரிவு அவரை மற்றவர்களோடு சேர்த்து நிறுத்துகிறது.

அமெரிக்காவில் ஆலன், கோல்டுவாசர், லியரி ஆகியோர் முதியோரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. உடல்நலம் குன்றியவர்களிலும் தன்பரிவு மிகுந்தோர் கூடுதல் மனநிறைவுடன் இருந்ததாகவும், பிறர் உதவியை ஏற்பது குறித்து அவ்வளவாக மனம் வருந்தவில்லை என்றும் அது காட்டியது.

நடைமுறை

தறிக்குடோனில் கேட்புத்திறன் இழந்தவர் காதுக் கருவி அணிவது தோல்வி அன்று. உழைப்பில் தேய்ந்த உறுப்புக்கான கவனிப்பு. முதியோர் ஓய்வூதியமும் பிச்சை அன்று. தகுதியுடையோருக்கான அரசுத் திட்டம். இதே நிலையில் உள்ள அண்டைவீட்டாரிடம் ஒருவர் சொல்லும் ஆறுதலைத் தமக்கும் சொல்லிக்கொள்வதே தன்பரிவின் எளிய தொடக்கம். மன ஆறுதல், சட்ட ஆலோசனை, ஓய்வூதியத் தகவல் ஆகியவற்றுக்கு முதியோருக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் 14567 பயன்பாட்டில் உள்ளது.