தேவசகாயம், புனிதர் (1712–1752)

குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த மறைசாட்சி. இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தார். வாழ்வில் நேர்ந்த இழப்புகளால் மனம் ஒடிந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய், விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் பறிபோன பின்னும் கடவுளைக் கைவிடாத மனிதரின் கதை அது. நீலகண்டனின் வாழ்வைத் திருப்பியது அதுவே எனலாம்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அது பாஸ்கா காலம். இலாசர் என்பதன் பொருளான 'தேவசகாயம்' அவர் பெயராயிற்று. நான்கு நாள் கல்லறையில் கிடந்து உயிர்பெற்றவரின் பெயர், உயிர்ப்பின் நாள்களில் சூட்டப்பட்டது எத்தனை பொருத்தம்! மனைவி பார்கவியம்மாள் ஞானப்பூ ஆனார்.

கிறிஸ்தவம் தழுவியதால் 1749-இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர்ஊராகக் கொண்டுபோனார்கள்; அடித்தார்கள், காயத்தில் மிளகாய் தேய்த்தார்கள். மூன்றாண்டு வதைத்தும் விசுவாசத்தை மறுக்கச் செய்ய முடியவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து அவர் முழங்கை மோதிய பாறையில் நீர் சுரந்ததாக மக்கள் நம்புகிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2022 மே 15, பாஸ்கா 5-ஆம் ஞாயிறன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர் நிலை பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் இவரே.