கணக்காயர் தொழிலின் வாயிற்படி

கணக்கு எழுதும் தொழில் நம் முன்னோர்க்குப் பன்னெடுங்காலம் எட்டாத தொழிலாகவே இருந்தது. கர்ணத்தின் ஏட்டில் நம் பெயர் கூலியாளாகவோ கடனாளியாகவோ ஏறிற்றேயன்றி, அந்த ஏட்டை எழுதும் கோல் நம் கைக்கு வந்தது அரிது. வழிவழியாக வந்த அப்பதவியைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தது. இன்று வணிகவியல் பட்டம் பெறும் நம் பிள்ளைகள் பெருகியுள்ளனர். பெரிய தணிக்கை நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேரும் வழி யாது என்று அவர்கள் எம்மிடம் வினவுகின்றனர். அந்த வாயிற்படியின் வரலாற்றை அவர்கள் அறிதல் நலம்.

மற்றப் படிப்புகளில் தேர்வு எழுதித் தேறினால் பட்டம் கிட்டும். கணக்காயர் தொழிலில் அது போதாது. தொழில் நடத்தும் கணக்காயர் ஒருவரிடம் சில ஆண்டுகள் பயிற்சி பெற்றாக வேண்டும். எடின்பரோவில் 1854இலும், இங்கிலாந்தில் 1880இலும் கணக்காயர் சங்கங்கள் அரச பட்டயம் பெற்றன. அக்காலத்து இங்கிலாந்தில் பயிற்சி ஐந்தாண்டுகள் நீடித்தது. சம்பளம் கிடையாது, மாறாக, பையனின் தந்தையே முதலாளிக்குப் பெருந்தொகை கட்டினார். ஏழைவீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் அவ்வாசலில் நின்று திரும்ப வேண்டியதுதான்.

நம் அண்ணல் அம்பேத்கரும் கணக்கு அலுவலகம் ஒன்றில் பயிற்சி அலுவலராக அமர்ந்தவர் என்பதை நம்மவருள் பலர் அறியார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1917இல் பரோடா சமஸ்தானத்தின் தலைமைக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தார். தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் ஒண்டியிருந்தார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேறச் செய்தது. அலுவலகம் இடம் தந்தது. ஊர் இடம் தரவில்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே தொழிலில் பட்ட பாடு நம் கதைக்கு மிக அண்மையானது. அங்குச் சான்று வழங்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெரும்பாலான மாநிலங்கள் தேர்வோடு, சான்று பெற்ற கணக்காயரிடம் வேலை செய்த அனுபவத்தையும் கேட்டன. தேர்வுத் தாளுக்கு நிறம் தெரியாது. வேலைக்கு எடுப்பவர்க்குத் தெரியும். தணிக்கைப் பயிற்சியாளர் ஒரே அறையில் அடைந்து கிடப்பவர் அல்லர். வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே சென்று பேரேட்டைப் புரட்டுவார். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் பதிவோடு ஒத்துப் பார்த்துக் குறியிடுவார். சரக்கறையில் மூட்டைகளை எண்ணுவார். வெளியூர் சென்றால் மூத்தவரோடு ஒரே விடுதியில் தங்குவார். “எங்கள் வாடிக்கையாளர் ஒப்பமாட்டார்” என்று சொல்லி வெள்ளையர் நிறுவனங்கள் கதவை மூடின. எம் கருத்தில், பழியைப் பிறர் தலையில் ஏற்றும் சாமர்த்தியமே அது. நம் ஊரிலும் இந்தச் சொல்லைக் கேட்டதில்லையா?

டார்ட்மவுத் கல்லூரியில் 1906இல் பட்டம் பெற்ற ஜான் கிராம்வெல், அனுபவம் கேட்காத நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குச் சென்று தேர்வெழுதி 1921இல் சான்று பெற்றார். அந்நாட்டில் சான்று பெற்ற முதற் கறுப்பினக் கணக்காயர் அவரே. தியோடோரா ரதர்ஃபோர்டு என்னும் அம்மையார் அண்ணல் பயின்ற அதே கொலம்பியாவில் 1924இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கணக்காயர் சான்று அவர் கைக்கு வந்தது 1960இல். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

இனி மேரி வாஷிங்டன் அம்மையாரைப் பற்றிக் கூற வேண்டும். மிசிசிப்பியில் 1906இல் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். கறுப்பினத்தவர் நடத்திய பிங்கா வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1923இல் சான்று பெற்ற ஆர்தர் வில்சனுக்கு உதவியாளரானார். பெரிய நிறுவனங்கள் தர மறுத்த பயிற்சியைத் தம் இனத்தவர் ஒருவரிடமே பெற்றார். பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 1939இல் தம் வீட்டு நிலவறையில் சொந்த அலுவலகம் தொடங்கினார். 1943இல் சான்று பெற்றார். தமக்குக் கிடைத்ததை அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பின இளைஞர்கள் தொலைவிலிருந்தெல்லாம் சிகாகோவுக்கு வந்து அவரிடம் பயிற்சி பெற்றுச் சான்று பெற்றனர். பெருநிறுவனங்களின் கதவு 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னரே மெல்லத் திறந்தது. கறுப்பினக் கணக்காயர்களின் தேசியச் சங்கம் 1969இல் ஒன்பது பேரால் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அம்மையார் 2005இல் காலமானார். அதற்குள் அந்த நிலவறை அலுவலகம் சிகாகோவின் பெயர்பெற்ற நிறுவனமாக வளர்ந்திருந்தது.

நம் நாட்டில் பட்டயக் கணக்காயர் சட்டம் 1949 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பயிற்சியாளரிடம் பணம் வாங்குதல் கூடாது என்றும், அவருக்கு உதவித்தொகை தருதல் வேண்டும் என்றும் 1988ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மூன்றாண்டாக இருந்த பயிற்சி, 2023இல் வந்த புதிய திட்டத்தின்படி ஈராண்டாகக் குறைந்தது. எனினும் தனியார் அலுவலகங்களில் இட ஒதுக்கீடு கிடையாது. யாரைச் சேர்ப்பது என்பது அந்தந்தக் கணக்காயரின் விருப்பம். தந்தை, சிற்றப்பன், மாமன் என எவரேனும் அத்தொழிலில் உள்ள பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைத்துவிடும். நம் பிள்ளையோ விண்ணப்பத்தோடு படியேறி இறங்குகிறான்.

தொழில் நடத்தும் ஆண்டுகளுக்கேற்பக் கணக்காயர் ஒருவர் ஏற்கத்தக்க பயிற்சியாளர் எண்ணிக்கையும் உயரும் என்பது விதி. நம் சமுதாயத்தில் பட்டயக் கணக்காயராய்த் தொழில் நடத்துவோர் எந்த ஊரில் இருப்பினும், தம் பெயரையும் முகவரியையும் நம் கல்விக் கழக அலுவலகத்தில் பதிவு செய்யுமாறு இம்மலரின் வாயிலாக வேண்டுகிறோம். தகுதியுள்ள பிள்ளைகளைத் தேர்ந்து அவர்களிடம் அனுப்பும் வேலையை எம்மைப் போன்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வோம்.