குளமும் வினையும்: வன்னி வழக்குப் பற்றிய ஒரு நோக்கு

பெயர்ச்சொல் ஒன்று எல்லா வினைகளோடும் கூடி வழங்குவதில்லை. ஆங்கிலேயர் காலையில் எழுந்ததும் படுக்கையை 'ஆக்குவர்'. தமிழர் பாயைச் சுருட்டுவர். இவ்வேறுபாட்டை வெறும் மொழி மரபு என்று கூறி அப்பால் செல்வோர் உளர். ஆயினும் கட்டிலில் துயில்வோருக்கும் தரையில் பாய் விரிப்போருக்கும் உள்ள வாழ்க்கை வேறுபாடே அவ்வினைகளிற் படிந்துள்ளது என்பது சற்று நோக்கின் விளங்கும். அன்றாடப் பெயரொன்றோடு எவ்வெவ் வினைகள் சேர்கின்றன என ஆராய்வது, அப்பெயருக்குரிய பொருளின் வரலாற்றை ஆராய்வதாகவும் அமையக்கூடும். வன்னிப் பெருநிலப்பரப்பில் இத்தகைய ஆய்வுக்கு மிகவும் இடந்தரும் பெயர் 'குளம்' என்பதாகும். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என ஊர்ப்பெயர்களே குளமாக நிற்கும் நிலம் அது. வவுனியா நகரும் முன்னர் விளாங்குளம் என்னும் பெயரோடு இணைத்தே வழங்கப்பட்டது.

பட்டினப்பாலை, கரிகாலன் நாட்டை வளம்படுத்திய திறத்தைக் கூறுமிடத்தில், குளத்தோடு 'தொடுதல்' என்னும் வினையைச் சேர்க்கிறது. தொடுதலாவது தோண்டுதல். பிற்கால வழக்கிலும் குளம் வெட்டுதல், குளம் தோண்டுதல் என்பன பரவலானவை. இவ்வினைகள் யாவும் நிலத்தைக் குடைந்து நீர் காணும் செயலைக் குறிப்பன. சுண்ணக்கற் பாறையின் கீழ் நீரைத் தேக்கி வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அவை மிகப் பொருந்தும். அங்கே வற்றாத ஆறு இல்லை. கிணறு வெட்டியே தோட்டம் செய்தனர்.

வன்னியின் நிலை வேறு. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு முதலியன மாரியிற் பெருகி வெயிலில் ஒடுங்குவன. சரிந்து செல்லும் தாழ்நிலத்துக்குக் குறுக்கே மண்ணணை எழுப்பினாலன்றி அந்நீரை நிறுத்த இயலாது. இங்கே குளம் என்பது தோண்டிய பள்ளமன்று. கட்டிய அணையே குளத்தை ஆக்குகிறது. எனவே கட்டுதல் என்பதே இங்கு முதன்மை வினை. அவ்வினையே திரிபின்றிப் பெயராகவும் நிற்கிறது: குளத்தின் அணை 'குளக்கட்டு' எனப்படும். முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்னும் இடப்பெயர்களில் குளம் என்ற சொல்லே மறைந்து, வினை மட்டும் எஞ்சியிருத்தல் கவனிக்கத்தக்கது. கட்டுதலின் அடிப்படைப் பொருள் பிணித்தல் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். சிங்களத்திலும் 'வெவ' என்னும் குளத்தோடு சேரும் 'பந்தினவா' என்ற வினைக்குப் பிணித்தல் என்பதே அடிப்படைப் பொருளாகும். ஒரே வறண்ட வலயத்தில், ஒரே தொழில்நுட்பத்தோடு வாழ்ந்த இரு மொழியினரும் நீரைப் பிணித்தே குளமாக்கினர்.

கட்டியது முறியவும் கூடும். கருப்பட்டமுறிப்பு, மூன்றுமுறிப்பு, வெறுமனே முறிப்பு எனவும் வன்னியில் ஊர்கள் உள்ளன. முறிதல் என்னும் வினையிற் பிறந்த இப்பெயர்களை, அணை முறிந்த குளங்களின் நினைவாகக் கொள்ளுதல் பொருந்தும். கட்டு என்றோர் ஊரும் முறிப்பு என்றோர் ஊருமாக அமைந்த நிலப்படம், அரசர் பெயர் வரிசையைவிட வன்னியின் வரலாற்றைத் தெளிவாகச் சொல்லும் எனலாம். குளம் முறிந்தால் ஊர் பெயரும். ஊர் பெயர்ந்தால் முறிந்ததைக் கட்ட ஆளிருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரிகள் கண்ட வன்னி பெரும்பாலும் இத்தகையதே. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூல் அக்கால நிலையை அறிய உதவும்.

இவ்வழிவுக்கு ஆட்சியாளரும் ஒருவகையிற் பொறுப்பாளிகளே. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது, கட்டாய உழைப்பின் கொடுமை நீங்கியது. கூடவே, ஊரார் ஒன்றுகூடி அணையைப் பேணிய பழைய ஒழுங்கின் பிடியும் தளர்ந்தது. வயலிற் பங்குள்ளவனுக்கு அணைவேலையிலும் பங்கு உண்டு என்பது அவ்வொழுங்கு. 'பங்கு' என்னும் தமிழ்ச்சொல் சிங்களக் கிராமங்களிலும் இதே பொருளில் வழங்கியது. 1856 இன் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய வழக்கத்தைச் சட்டத்தின் துணையோடு மீட்க முயன்றது. அதன் பின்னர் 'திருத்துதல்' என்னும் வினை குளத்தோடு சேர்ந்து முன்னிலை பெற்றது. திருத்துபவராக ஊரார் மட்டுமன்றி அரசாங்கமும் தோன்றியது. இரணைமடுவின் வேலை 1902 இல் தொடங்கி இருபதுகளின் தொடக்கத்தில் நிறைவுற்றது. பாலி ஆற்றை மறித்த வவுனிக்குளம் 1950களில் மீளக் கட்டப்பட்டது. காடு வெட்டிக் குடியேறியோருக்குத் திருத்திய குளமே ஊரின் தொடக்கமாயிற்று.

குளம் தானே எழுவாயாக நிற்கும் வினைகளும் உள. மாரியில் குளம் நிறையும், கோடையில் வற்றும், பேணாதவிடத்துத் தூர்ந்துபோகும். நிறைந்த குளம் 'வான் பாயும்'. ஈண்டு வான் என்பது ஆகாயமன்று. மிகைநீர் வழிந்தோடும் வாயிலாகும். பிறநாட்டுத் தமிழர் இத்தொடரைக் கேட்டால் மயங்குவர்! பழைய கல்வான்களில் இவ்வினைக்கு மனிதர் துணை வேண்டியதில்லை. இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டபின் 'வான் கதவுகள் திறக்கப்பட்டன' என்னும் செயப்பாட்டுத் தொடர் பத்திரிகைகளில் இடம்பெற்றது. 2018 டிசம்பர் முற்பகுதியில், புனரமைக்கப்பட்ட இரணைமடு திறந்துவைக்கப்பட்டது. அம்மாதத்தின் பிற்பகுதியில் பெருமழையின்போது கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஊர்களை மூடியது. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினா அதன்பின் எழுந்தது. குளம் தானாகப் பாய்ந்த காலத்தில் அவ்வினாவைக் கேட்க ஆளில்லை.

'உடை' என்னும் வினையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. குளம் உடைந்தது என்பது தன்வினை. குளத்தை உடைத்தனர் என்பது பிறவினை. இரண்டாவது தொடருக்கு வன்னியின் பழைய வாழ்வில் தேவை மிக அரிது. போரின் இறுதி மாதங்களில், 2009 ஜனவரியில், கல்மடுக்குளத்தின் அணை உடைக்கப்பட்டது. படை முன்னேற்றத்தைத் தடுக்கப் புலிகள் அதனை உடைத்தனர் என அரசாங்கத் தரப்பு அறிவித்தது. கட்டுதலையே தொழிலாகக் கொண்டிருந்த நிலத்தில் நீரே படைக்கலமாயிற்று.

போர் முடிந்தபின் எழுந்த பூசலும் வினை பற்றியதே. இரணைமடு நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்கு வழங்கும் திட்டம் ஒருபுறம் 'கொண்டுவருதல்', மறுபுறம் 'கொண்டுபோதல்'. காலபோகத்துக்கு நீர் போதினும், சிறுபோகத்தில் வயல்களின் ஒரு பகுதியையே விதைக்க முடிந்த கிளிநொச்சி உழவர் பின்னைய சொல்லையே கேட்டனர். அவர்தம் எதிர்ப்பினால் திட்டம் மாற்றமடைந்தது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. இரணைமடுவில் துருசு திறக்கும் நாளும், சிறுபோகத்தில் எவருக்கு எவ்வளவு நிலம் என்பதும், இன்றும் உழவரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன.