இங்கிலாந்தின் கல்லறைத் தோட்டப் பூசலும் 1880ஆம் ஆண்டுச் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருவர் இறந்தபின் அவரை எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்பதில் குடும்பத்தாருக்கும் ஊர்க் கோயிலின் குருவானவருக்கும் இடையே நீண்ட காலம் பூசல் நிலவியது. குடும்பத்தார் தம் சபையின் வழக்கப்படி மன்றாட விரும்பினர். குருவானவரோ, தம் கோயில் வளாகத்தில் தம் சபையின் ஆராதனை மட்டுமே நடக்கலாம் என்றார். இப்பூசலைப் பெருமளவு தீர்த்து வைத்தது 1880ஆம் ஆண்டின் அடக்கச் சட்டத் திருத்தம் ஆகும்.

பூசலின் வேர்

இங்கிலாந்து திருச்சபை அரசால் நிறுவப்பட்ட சபை. நாடு முழுவதும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பங்கிலும் ஒரு கோயிலும் அதைச் சுற்றி ஒரு கல்லறைத் தோட்டமும் இருந்தன. பங்கில் வாழ்ந்த எவரும், எச்சபையைச் சேர்ந்தவராயினும், இறந்தபின் அத்தோட்டத்தில் இடம்பெறும் உரிமை உடையவர். இது நாட்டின் பழைய பொதுச் சட்டம். ஆனால் அந்த நிலம் குருவானவரின் பொறுப்பில் இருந்தது. அங்கே அவரைத் தவிர வேறு எவரும் ஆராதனை நடத்த முடியாது.

1662ஆம் ஆண்டின் பொது மன்றாட்டு நூல் இதில் மேலும் ஒரு முடிச்சைப் போட்டது. ஞானஸ்நானம் பெறாதவர், சபைநீக்கம் செய்யப்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகிய மூவகையினருக்கும் நல்லடக்க ஆராதனை கூடாது என்று அந்நூல் விதித்தது. பாப்டிஸ்டு சபையினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அறிவு தெரிந்த வயதில் விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்பே கொடுப்பர். ஆகவே அவர்கள் வீட்டில் ஒரு குழந்தை இறந்தால், தோட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒரு மன்றாட்டும் இல்லாமல்தான் புதைக்க வேண்டும்.

நகரங்களில் இந்த இக்கட்டு குறைவு. 1850களில் வந்த சட்டங்களின்படி பொது இடுகாடுகள் அமைக்கப்பட்டு, மாற்றுச் சபையினருக்கு அவற்றில் தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. சிற்றூர்களில் பெரும்பாலும் கோயில் தோட்டத்தை விட்டால் வேறு இடமே இல்லை. 1851ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பின்படி வழிபாட்டுக்குச் சென்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாற்றுச் சபையினர் என்பதை நினைத்தால், சிக்கலின் அளவு விளங்கும்.

நீதிமன்றங்கள் ஓரளவு உதவின. வேறு சபைப் போதகர் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லும், அதைப் பெற்றவருக்கு ஆராதனையை மறுக்கக் கூடாது என்று 1809இல் ஒரு திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெதடிஸ்டு போதகரிடம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை அடக்கம் செய்ய மறுத்த எஸ்காட் என்ற குருவானவரின் வழக்கில், 1842இல் பிரிவி கவுன்சிலும் இதை உறுதி செய்தது. எனினும் ஞானஸ்நானமே பெறாதோருக்கு இத்தீர்ப்புகளால் பயனில்லை.

ஏக்கன்ஹாம் நிகழ்வு

சஃபோக் மாவட்டத்தில் இப்ஸ்விச் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் ஏக்கன்ஹாம். 1878 ஆகஸ்டில் அங்கே பாப்டிஸ்டு பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. ஊர்க் குருவானவர் ஜார்ஜ் டிரூரி, தோட்டத்தில் குழியை அனுமதித்தார், ஆராதனையை அனுமதிக்கவில்லை. ஆகவே விக்கம் டோசர் என்ற காங்கிரிகேஷனல் சபைப் போதகரைக் குடும்பத்தார் அழைத்து வந்தனர். சவப்பெட்டியை வாயிலுக்கு வெளியே உள்ள புல்வெளியில் வைத்து மன்றாடிவிட்டு, பின்பு உள்ளே கொண்டுபோய்ப் புதைப்பது என்று முடிவாயிற்று.

மன்றாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே டிரூரி குறுக்கிட்டார். முதலில் குழந்தையைப் புதைத்துவிட்டு, அதன்பின் வெளியே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது அவர் வாதம். ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கிறிஸ்தவராகக் கொள்ள முடியாது என்றும் சொன்னார். பெற்றோரின் முன்னிலையிலேயே இரு சமயத்தாருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. டிரூரி வாயிலைப் பூட்டிக்கொண்டு போய்விட, வேலியின் இடைவெளி வழியாகப் பெட்டியைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தனர்.

இச்செய்தி கிழக்கு ஆங்கிலியன் டெய்லி டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. டிரூரி அவதூறு வழக்குத் தொடுத்தார். செய்தியை எழுதியவர் டோசரே என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 1879இல் நடுவர் குழு டிரூரியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அவருக்குக் கிடைத்த இழப்பீடு 40 ஷில்லிங் மட்டுமே. வழக்கில் அவர் வென்றாலும் மக்கள் மன்றத்தில் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

சட்டம் சொன்னது

வேல்சைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மார்கன் 1870 முதலே அடக்கச் சட்ட முன்வரைவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1880இல் கிளாட்ஸ்டன் ஆட்சிக்கு வந்ததும் அது அரசின் முன்வரைவாகி, அதே ஆண்டு செப்டம்பரில் சட்டமாயிற்று. அதன் சாரம் வருமாறு:

அடக்கத்துக்குப் பொறுப்பானவர் 48 மணி நேரத்துக்கு முன்பு குருவானவருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால், திருச்சபையின் ஆராதனை இல்லாமல் அடக்கம் செய்யலாம். அப்போது ஆராதனையே இல்லாமலும் இருக்கலாம். அல்லது கிறிஸ்தவ முறையில் ஒழுங்காக நடக்கும் வேறோர் ஆராதனையும் இருக்கலாம். அதை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். கட்டணம் மட்டும் வழக்கம்போல் குருவானவருக்கே.

இச்சட்டம் எந்தக் குருவானவரையும் அவர் மனச்சாட்சிக்கு எதிராக ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லவில்லை. வழக்கமான ஆராதனையைப் பயன்படுத்த முடியாத இடங்களில், பேராயர் ஏற்கும் வேறு மன்றாட்டை அவர் நடத்தவும் இடம் தந்தது. நிலம் வேறு, ஆராதனை வேறு என்று பிரித்ததே இதன் நுட்பம். நிலம் ஊரார் அனைவருக்கும் பொது. மன்றாட்டு அவரவர் சபைக்கு உரியது.

லான்ஃப்ரோத்தன் வழக்கு

சட்டம் வந்தவுடன் பூசல் அடங்கிவிடவில்லை. வட வேல்சின் லான்ஃப்ரோத்தன் ஊரில் 1888இல் முதிய கல் குவாரித் தொழிலாளி ஒருவர், தம் மகளின் அருகில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று சொல்லி இறந்தார். அவர் மெதடிஸ்டு சபையினர். அந்நிலம் 1864இல் கொடையாக வந்தது. 1881இல் எழுதப்பட்ட புதிய ஆவணத்திலோ திருச்சபை முறைப்படி மட்டுமே அங்கு அடக்கம் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. அதைக் காட்டிக் குருவானவர் மறுத்து வாயிலைப் பூட்டினார். டேவிட் லாய்டு ஜார்ஜ் என்ற 25 வயது வழக்கறிஞரின் ஆலோசனைப்படி, குடும்பத்தார் உள்ளே நுழைந்து அடக்கம் செய்தனர். குருவானவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு குடும்பத்துக்குப் பாதகமாக அமைந்தாலும், மேல்முறையீட்டில் அவர்களே வென்றனர். வேல்ஸ் முழுவதும் பெயர் பெற்ற லாய்டு ஜார்ஜ் 1890இல் நாடாளுமன்றம் சென்றார், 1916இல் பிரதமரானார்.

எஞ்சிய குறை

கிறிஸ்தவ முறை என்ற எல்லையைச் சட்டம் விடவில்லை. அனுமதிக்கப்பட்ட ஆராதனையைச் சாராமல் கல்லறை முன்பு உரையாற்றுவது குற்றம் என்றும் அது விதித்தது. எனவே சமய நம்பிக்கை இல்லாத குடும்பத்துக்குக் கோயில் தோட்டத்தில் கிடைத்தது மௌனமாகப் புதைக்கும் உரிமை மட்டுமே.

ஆயினும், இறந்தவரைப் பற்றி முதலில் முடிவு செய்ய வேண்டியவர் அவரை இழந்தவர்களே என்ற கருத்தை 1880ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஏக்கன்ஹாமில் வேலி இடைவெளி வழியாகச் சென்ற சிறிய பெட்டிக்கு, இரண்டே ஆண்டுகளில் நாடு முழுவதும் முன்வாயில் திறந்தது.