புல்லட்டின் இழுவையும், எட்டாம் வகுப்பில் நான் சொன்ன தப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருந்தால் இப்போது விட்டுவிட்டு ராத்திரி படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், அமெரிக்காவில் இருக்கும் ஒரு தம்பி தன் காரின் படத்தைப் போட்டிருந்தான். ஹோண்டா எஸ் 2000. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், கூரையை மடித்துக்கொள்ளலாம். 2001 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டு வாழ்த்தினார்கள். அவன் கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தான்: "சார், மேல போகப் போக வண்டி பறக்குது. ஆனா சிக்னல்ல கிளம்பறப்போ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. எங்க அப்பாவோட புல்லட் மூணாவது கியர்லயே தேரடி கூட்டத்துல நடந்து போகும். இது ஏன் சார்?"

உடனே இரண்டு வரியில் பதில் அடித்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். அடித்தது தப்பு. அதே தப்பைத்தான் 1980-களின் கடைசியில் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன்.

நெம்புகோல் பாடம். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நீளமான ஸ்பேனர் பிடித்தால் துருப்பிடித்த நட்டும் கழலும் என்று சொல்லிவிட்டு, பசங்களுக்குப் பிடிக்கட்டுமே என்று புல்லட்டை இழுத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ என்ஃபீல்டிலோ லேலண்டிலோ வேலை. "புல்லட் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90 மில்லிமீட்டர். அதனால் கிராங்க் கை நீளம். நீளமான ஸ்பேனர் மாதிரி. அதனால்தான் நம்ம ஊர் வண்டிக்கு அந்த இழுவை" என்றேன். ஒரே சந்தோஷம் பசங்களுக்கு.

ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான். அப்பா லேத் ஓட்டுகிறவர். "சார், அதே சிசி வெச்சுக்கிட்டு ஸ்ட்ரோக்கை நீட்டினா போர் சின்னதாயிடுமே சார்?" என்றான். எனக்கு அவன் என்ன கேட்கிறான் என்றே புரியவில்லை. புரியாததை ஒப்புக்கொள்ளும் துணிச்சலும் அந்த வயதில் இல்லை. "உட்கார்ந்து எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பிஸ்டனை அழுத்துகிற விசை அதன் தலைப் பரப்பைப் பொறுத்தது. 346 சிசி என்று கொள்ளளவை நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கை இரண்டு மடங்காக்கினால், சிலிண்டரின் குறுக்குப் பரப்பு பாதியாகும். கை இரண்டு மடங்கு, விசை பாதி. பெருக்கினால் பழைய விடையேதான் வரும். நீளமான ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, அதைப் பிடிக்கிற ஆளின் பலத்தைப் பாதியாக்கின கதை.

சரி, அப்படியானால் புல்லட்டின் இழுவை எங்கிருந்து வந்தது? தேரடியில் அந்தத் தம்பி பார்த்தது பொய்யில்லையே. இதைப் புரிந்துகொள்ள, திருவொற்றியூருக்கு முன்னால் எண்ணூருக்குப் போக வேண்டும்.

1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். எண்ணூரில் அவர்கள் முதலில் பூட்டி இறக்கியது லாரி இல்லை. ஆஸ்டின் ஏ 40 என்ற இங்கிலாந்துக் கார். லேலண்டோடு ஒப்பந்தம், 1955-இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் எல்லாம் அப்புறம் வந்தவை. அந்த ஆஸ்டினின் 1200 சிசி எஞ்சினில் போர் சுமார் 65.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 89. ஒல்லியான, ஆழமான கிணறு மாதிரி நாலு சிலிண்டர்.

ஏன் அப்படி? இங்கிலாந்தில் கார் வரி குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று இருந்தது. 1921 முதல் ஒரு குதிரைக்கு ஒரு பவுன். அந்தக் குதிரைத்திறனை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. அங்குலத்தில் போரின் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5-ஆல் வகுப்பார்கள். அவ்வளவுதான். ஸ்ட்ரோக்குக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே கிடையாது. விடுவானா வெள்ளைக்காரன்? போரை ஒடுக்கி, ஸ்ட்ரோக்கை நீட்டினான். ஆஸ்டின் ஏ 40-க்கு அந்தக் கணக்கைப் போட்டால் 10.6 குதிரை வரும். உண்மையில் எஞ்சின் கொடுத்தது 40; பெயரில் இருக்கும் 40 அதுதான். வரிமுறை 1947-இல் மாறியது, ஆனால் வார்த்து வைத்த எஞ்சினும் பழகின கையும் ஒரே நாளில் மாறுமா? நம் அம்பாசிடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி எஞ்சினுக்கும் ஸ்ட்ரோக் அதே 89 மில்லிமீட்டர்தான். லண்டனில் போட்ட ஒரு வரி சென்னை டாக்சி ஏறுகிற விதத்தைத் தீர்மானித்திருக்கிறது. சரித்திரப் பாடத்தில் இதை நடத்தியிருந்தால் பசங்க தூங்கியிருக்க மாட்டார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வரிக் கணக்கு வேறு. ஆனாலும் அதே நாடு, அதே காலத்துப் பட்டறைப் பழக்கம். ரெட்டிச் ஊரில் பிறந்த புல்லட் 70-க்கு 90. வேகத்தைவிட சுமையும் மோசமான ரோடும்தான் அதற்குக் கணக்கு. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயார். பிறகு நடந்தது விசித்திரம். 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்துத் தாய் கம்பெனி மூடிப்போனது. பிள்ளை மட்டும் நம் ஹை ரோட்டில் உயிரோடு இருந்தது. 1977-இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இப்போது இழுவைக்கு வருவோம். ரகசியம் கை நீளத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது.

எஞ்சின் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ, அந்தத் தடவை அவ்வளவுதான் அது முறுக்க முடியும். ஒல்லியான சிலிண்டரின் தலையில் சின்ன வால்வுகள்தான் பொருந்தும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதுகூட அந்தச் சின்ன வாய் வழியாகக் காற்று வேகமாகப் பாயும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், சிலிண்டர் நிரம்பும். வால்வைத் திறந்து மூடும் கேமும் சாது. கொஞ்ச நேரம் திறந்து, சட்டென்று மூடிவிடும். உள்ளே வந்த காற்று திரும்பிப் போகாது. அதனால் கீழ்ச்சுற்றிலேயே முறுக்குவிசை தயார். அதோடு ஒரு கனமான ஃபிளைவீல். ஃபிளைவீல் இழுவையைக் கூட்டாது. ஆனால் கிளட்சை விடும்போது வண்டியை அணையவிடாது. ஓட்டுகிறவன் கைக்கு அது யானை பலமாகத் தெரியும். தம்பி சொன்ன "நடந்து போவது" இதுதான்.

இதற்கு விலை மேல்சுற்றில். அதே சின்ன வாய் அங்கே மூச்சுத் திணறும். அதோடு 90 மில்லிமீட்டரைப் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் போய் வர வேண்டும். நிமிடத்துக்கு 5250 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 16 மீட்டர். (2 × 0.09 × 5250 ÷ 60. போட்டுப் பாருங்கள், பழக்கம் விட்டுப்போகக் கூடாது.) 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தப் பெரிய ஒற்றைப் பிஸ்டன் உடம்பு முழுவதையும் உலுக்கும் என்பது பழைய புல்லட் ஓட்டிய எல்லாருக்கும் தெரியும்.

எதிர் ஜாதி எஞ்சின் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்கு வெளிநாடு போக வேண்டியிருக்கவில்லை. மேற்கே சோழவரம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனிப் பந்தயத் தடம் வரும்வரை வேகப் பைத்தியங்களுக்கு அதுதான் திருவிழா. கோயம்புத்தூர் கரிவரதன் தானே கட்டிய கார்களோடு வந்ததெல்லாம் அங்கேதான். நான் இரண்டு தடவை சைக்கிளில் போனேன். காதுக்குத்தான் முதலில் வித்தியாசம் தெரிந்தது. நம் தெருவில் ஒவ்வொரு வெடியையும் தனியாக எண்ணலாம். அங்கே எண்ண முடியாது. துணி கிழிகிற மாதிரி ஒரே நீளச் சத்தம்.

1983-இல் ராஜ்தூத் 350 வந்தது. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் இங்கே செய்தது. அதன் கொள்ளளவு 347 சிசி. புல்லட்டுக்கும் அதற்கும் ஒரே ஒரு சிசி வித்தியாசம்! ஆனால் இரண்டு சிலிண்டர், போர் 64, ஸ்ட்ரோக் 54. புல்லட் 18 குதிரை, ராஜ்தூத் 30.5. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும் என்ற சலுகை அதற்கு உண்டு, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். கீழே சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்; சுற்று ஏறினதும் திடீரென்று யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி பாயும். பழகாதவர்கள் அந்த இடத்தில்தான் விழுந்தார்கள்.

தம்பியின் ஹோண்டா அந்த ஜாதியின் உச்சம். 2 லிட்டர், போர் 87, ஸ்ட்ரோக் 84. நிமிடத்துக்கு 9000 சுற்றை ஒட்டிப் போகும். அங்கே அதன் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 25 மீட்டர். 240 குதிரைத்திறன் 8300 சுற்றில். முறுக்குவிசை சுமார் 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7500 சுற்றில். லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் 104 வரும். 2010-ஐ ஒட்டி வந்த புது எஞ்சின் புல்லட், அதே 70-க்கு 90, 28 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 81. ஆக, இழுவை அதிகம் ஹோண்டாவுக்குத்தான்! வித்தியாசம் அது கிடைக்கிற இடத்தில். புல்லட் தன் உச்சத்தை 4000-இல் கொடுத்துவிடும். ஹோண்டாவில் இரண்டு விதக் கேம் இருக்கிறது. சுமார் 6000 சுற்று வரை சாதுவான கேம். அதற்கு மேல் வால்வை அகலமாகவும் அதிக நேரமும் திறக்கிற இன்னொன்று. ஆகவே தம்பி, சிக்னலில் உன் கார் ஒரு சாதாரண 2 லிட்டர் கார். மேலே அது பொங்குகிற பொங்கலைப் பார்த்துவிட்டதால் கீழே வெறுமையாகத் தெரிகிறது. இது கோளாறு இல்லை, குணம். இரண்டு கியர் இறக்கி ஓட்டு.

உன் மாதிரியே அமெரிக்காவில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 2004 மாடலில் ஹோண்டா அங்கே எஞ்சினை 2.2 லிட்டராக்கியது. போரைத் தொடவில்லை. ஸ்ட்ரோக்கை 84-லிருந்து 90.7-ஆக நீட்டினார்கள். உச்சச் சுற்றைக் குறைத்தார்கள். முறுக்குவிசை சுமார் 220 ஆனது, அதுவும் 6500-லேயே. குதிரைத்திறன் அதே 240. நம் புல்லட்டின் 90-ஐ ஒட்டி வந்து நின்றார்கள் என்று படித்ததும் எனக்குள் அந்தப் பழைய வாத்தியார் துள்ளினார். ஆனால் அங்கேயும் இழுவை கூடியதற்குக் காரணம் கொள்ளளவு கூடியதும், உச்சம் கீழே இறங்கியதும்தான். கை நீளமானதால் இல்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு நம் கம்பெனியே சாட்சி. 2018-இல் ராயல் என்ஃபீல்டு 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி கொண்டுவந்தது. போர் 78, ஸ்ட்ரோக் 67.8. ஸ்ட்ரோக்கைவிட போர் பெரிசு, ராஜ்தூத் மாதிரி! என் பாடத்தின்படி அதற்குக் கீழே இழுவையே இருக்கக் கூடாது. ஆனால் அதன் 52 நியூட்டன் மீட்டரில் 80 சதவீதம் 2500 சுற்றிலேயே கிடைக்கிறது என்று கம்பெனி சொல்கிறது. கேமும் மூச்சுக்குழலும் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்றுதான் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் எழுந்து நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. பெயரை இங்கே போடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான், அப்பாவோடு லேத்துக்குப் போனதாகக் கேள்வி. நம் குழுவில் அவன் இல்லை. காலடிப்பேட்டைப் பக்கம் வீடு, உயரமான பையன், இடது கையால் எழுதுவான். அந்த வருஷம் கூடப் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அல்லது இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி, "அன்னைக்கு நீ கேட்டது சரிதான்னு சார் சொன்னார்" என்று சொல்லுங்கள்.