ஆடிப் பட்டமும் கொல்லைத் தோட்டமும்



'ஆடிப் பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் விளக்கியவன் நான். 2012ஆம் ஆண்டில், மேட்டூர் அணை செப்டம்பர் வரையில் திறக்கப்படாதிருந்த காலத்தில், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஆற்றில் தண்ணீரே வராவிட்டாலும் ஆடியில்தான் விதைக்க வேண்டுமா?" என்று கேட்டான். பழமொழியின் பொருளை நான் அறிந்திருந்தேன், காரணத்தை ஆராய்ந்ததில்லை. அன்று சொல்ல இயலாத விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பட்டம் என்பது விதைப்புக்கு உரிய பருவம். தஞ்சைத் தரணிக்கு நீர் இரண்டு வழியில் வருகிறது. குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, ஆடி மாதத்தில் காவிரியில் புதுப்புனலாகப் பெருகுகிறது. அதையே பதினெட்டாம் பெருக்கு என்று கொண்டாடுகிறோம். மற்றொன்று, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இங்கேயே பொழியும் வடகிழக்குப் பருவமழை. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாத அவகாசம் உண்டு.

அந்த அவகாசமே கொல்லைத் தோட்டத்தின் உயிர்நாடி. ஆடியில் ஊன்றிய புடலும் பீர்க்கும் அடைமழைக்கு முன்பே வேரூன்றிப் பந்தலேறிவிடும். ஐப்பசியில் ஊன்றினாலோ, தேங்கிய நீரில் இளநாற்று அழுகிவிடும். ஆடியில் நாற்றுவிட்ட கத்தரி புரட்டாசி, ஐப்பசியில் காய்க்கத் தொடங்கும். பழைய கொடியவரையோ பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். ஆகவே மார்கழியிலும் தையிலும் காய் தரும். பொங்கல் குழம்பில் அவரையும் பறங்கியும் சேர்வதற்கு வித்திட்டது ஆடி மாதமே.

இனி வரலாற்றைப் பார்ப்போம். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையும், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எழுப்பிய மேலணையும் ஆற்று நீரைப் பங்கிட்டன. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவெய்திய மேட்டூர் அணையோ அதைத் தேக்கியும் வைத்தது. அதன் பின், நீர் வரும் நாள் மனிதர் கையில் வந்தது. ஜூன் 12 அணை திறக்கும் வழக்கமான நாளாயிற்று. எனினும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை.

கொல்லையும் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று. இராசராசன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கறியமுதையும் மிளகையும் குறிக்கின்றன. மிளகாய் அன்று இங்கு இல்லை, பறங்கிக்காயும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ டகாமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின், கடல்வழி வணிகத்தால் வந்தவை. பறங்கியர் காலத்தில் வந்தது பறங்கி. மிளகின் காரத்தை உடைய காய் மிளகாய். முன்பின் அறியாத இவ்விதைகளை நம் இல்லத்துப் பெண்டிர் கொல்லையில் ஊன்றிப் பார்த்தனர். எம்மாதத்தில் செழிக்கும் என்று கண்டனர். நெற்றை உலர்த்தி, விதையைச் சாம்பலிற் புரட்டி, அடுத்த ஆடிக்கென்று காத்தனர். பெயர் எழுதப்படாத ஆராய்ச்சியாளர் அவர்கள்.

இப்போது அந்த மாணவனின் வினாவுக்கு வருவோம். ஆடி விதைப்புக்குக் காரணங்கள் இரண்டு: மேற்கிலிருந்து வரும் ஆற்றுநீர், கிழக்கிலிருந்து வரப்போகும் மழை. முதலாவது பொய்த்தால், நெல் வயலுக்கு நாம் வேறு வழி தேடவேண்டும். ஆனால் கொல்லையில் நான்கு குழிக்குக் கிணற்று நீர் சில குடமும், பாத்திரம் கழுவிய நீரும் போதும். இரண்டாவது காரணம் ஆறு வறண்ட ஆண்டிலும் நிற்கிறது. ஆதலின், "ஆம் தம்பி, ஆடியிலேயே விதை, குறைவாக விதை, குடத்தால் ஊற்று" என்பதே என் விடை.

முன்னோர் மொழியை மனப்பாடம் செய்தல் எளிது. அது எக்காரணத்தால் பிறந்தது என்று அறிந்தவனே, காலம் மாறும்போதும் அதனைப் பயன்படுத்த வல்லவன். 'தேடி விதை' என்றார்கள். விதையைத் தேடுவதோடு, காரணத்தையும் தேடுங்கள்.